மீசை வரைக்கும் வந்த தலைவர்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குள் தலைவர் தம்புசாமி ஐந்து முறை புனிதாவின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஐந்து முறையும் மீசையோடு நின்றுவிட்டார்.

நேரில் வரவில்லை, கணினியில்தான் வந்தார். இன்டர்நெட்டைத் திறந்ததும் முதலில் சாயம் பூசிய தலைமுடி மெல்ல இறங்கும். பிறகு நெற்றி, நெற்றியில் விபூதி, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, மூக்கு. மூக்குக்குக் கீழே மீசையின் மேல்விளிம்பு எட்டிப் பார்த்ததும் எல்லாம் நின்றுவிடும். மவுஸை எப்படி இழுத்தாலும் அம்புக்குறி அசையாது, விசையைத் தட்டினால் சத்தம் மட்டும் வரும். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. போட்டால் மறுபடியும் தலைமுடியிலிருந்து தொடங்குவார்.

அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று புனிதாவுக்கு ஓர் ஆசையும் இல்லை. அவளுக்கு வேண்டியது வேறு. பதினோரு வருடம் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கிட் பலகைகளைச் சோதித்துத் தரம் பார்த்தவள் அவள். பொருளாதார நெருக்கடி வந்த அந்தத் தொண்ணூற்றெட்டில், பிப்ரவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இருநூறு பெண்களை வரிசையாக நிற்க வைத்துக் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதமாகிறது. இப்போது அதே வட்டாரத்தில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை லைன் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அடைத்துவிடுவோம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் நேரிலேயே போய்க் கேட்டுப் பார்த்தாள். வாசல் காவலாளி, "கையில வாங்க மாட்டாங்க லா அக்கா. கம்ப்யூட்டர்ல போட தெரியாதவங்க வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டான். மலாக்கா டவுனில் இருந்த ஒரே இன்டர்நெட் கடையும் லைசென்ஸ் தகராறில் ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

ஆக, வீட்டில் இருக்கும் இந்தக் கணினிதான் கதி. அதுவும் அவளுடையதல்ல, பேரவையுடையது.

மலாக்கா மாநிலத் தமிழர் இணைய எழுச்சிப் பேரவையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இணையம் வருவதற்கு முன்பு அதன் பெயர் தையற்கலை எழுச்சிப் பேரவை. அதற்கும் முன்பு கறவைமாடு எழுச்சிப் பேரவை. எழுச்சி பெற வேண்டியது எது என்பது காலத்துக்குக் காலம் மாறும், தலைவர் மட்டும் பதினெட்டு வருடமாக மாறவில்லை. மாட்டிலிருந்து தையல் இயந்திரத்துக்கும், அங்கிருந்து கணினிக்கும் அவர் ஒரே மாலையோடு வந்து சேர்ந்தார்.

ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய நாற்பது பழைய கணினிகளை வாங்கி, துடைத்து, நாற்பது குடும்பங்களுக்கு இரவலாகக் கொடுத்தது பேரவை. கொடுத்த நாளில் ஒவ்வொரு குடும்பமும் பன்னிரண்டு விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டது. ஒன்பதாம் விதி இப்படிப் போனது: இணையத்தைத் திறந்தால் பேரவையின் பக்கமே முதலில் வர வேண்டும். அதைப் பயனாளர் மாற்றக்கூடாது. தலைவர் படம் முழுமையாக இறங்கும்வரை எந்த விசையையும் தொடக்கூடாது. மீறினால் கணினி உடனே திரும்பப் பெறப்படும்.

புனிதா பேரவை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். செயலாளர் நிவேந்திரன் எடுத்தார். வங்கி ஒன்றில் வேலை செய்பவர், மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் கூட்டம் நடக்கும் நாட்களிலும் மட்டும் பேரவைக்குச் செயலாளர். கெட்டவர் இல்லை. எழுதப்படாத எதுவும் இந்த உலகத்தில் நடக்கவில்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர் நின்னு நின்னு போவுது சார். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு வேல விண்ணப்பப் பாரம் அனுப்பணும்."

"புகார் பாரத்த மூணு காப்பி எழுதி அனுப்புங்கம்மா. தொழில்நுட்ப உட்குழு புதன்கிழமை கூடுது, ஒங்க வீட்டுலயே கூட்டிடலாம். நாற்காலி இருக்கா?"

"ஆறு இருக்கு."

"ஏழு வேணும். ஏழு பேரு உக்காந்தாத்தான் கோரம், இல்லன்னா கூட்டம் செல்லாது."

போனை வைப்பதற்கு முன் நிவேந்திரன் குரலில் ஒரு பெருமை வந்தது. "ஆனா ஒண்ணும்மா, நம்ம பக்கம் நல்லா ஓடுது. ஆபீசுல எண்ணிக்கை தெரியும். ஒரு நாளைக்கு நூறு நூத்தம்பது தடவை மக்கள் தலைவரைப் பாக்க வர்றாங்க. காலையில பத்தரைக்குள்ள ஒங்க வீட்டிலிருந்தே அஞ்சு தடவை."

செவ்வாய்க்கிழமை முழுக்க புனிதா சும்மா இருக்கவில்லை. ஒரு பலகை பழுதென்றால் தொழிற்சாலையில் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடக்கூடாது. முதலில் சூடாகிறதோ என்று மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தாள், மீசையில் நின்றது. போன் கம்பியை மாற்றினாள், மீசையில் நின்றது. டெலிவிஷனை அணைத்து, குளிர்பெட்டியையும் பிடுங்கிப் போட்டாள், அப்போதும் மீசைதான். மாற்றக் கூடியவை எல்லாம் தீர்ந்தபோது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தொடுவதற்குத்தான் ஒன்பதாம் விதி தடுத்தது.

"அந்தப் படந்தாங்க பிரச்சன," என்று கணவனிடம் சொன்னாள். "மண்டபத்து வாசல்ல ஆறடிக்கு வெச்சாங்களே பேனர், அதே படத்த ஒரு இஞ்சுகூடக் கொறைக்காம அப்படியே ஏத்தியிருக்காங்க. இந்தப் பழைய பெட்டி எப்படித் தாங்கும்? மூக்கு வரைக்கும் வந்ததே பெருசு."

யுகேந்திரன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சிம்பாங் அம்பாட் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். முதலாளி நடையைக் குறைத்துவிட்டார், வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. டெக்சி பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அதற்குத் தலைவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், தருகிறேன் என்று தலைவர் இரண்டு தீபாவளியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"படத்த கிடத்த ஒண்ணும் சொல்லாத புனிதா. அவங்க வந்து பாக்கட்டும் லா."

"பாத்தா மட்டும்?"

"பாக்கட்டும். நீயா எதையும் தொட்டு, பேரவ ஆளு வந்து பெட்டிய தூக்கிட்டுப் போயிட்டான்னா, ஒனக்கும் வேல இல்ல, எனக்கும் கடிதம் இல்ல."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த உண்மைதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை உட்குழு வந்தது. ஏழாவது நாற்காலியைப் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கியிருந்தாள். உட்குழுத் தலைவர் அப்புசாமி ஐயா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரவையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட அனுபவம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது, ஆகவே தொழில்நுட்பம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணினியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"எப்பேர்ந்து இப்படி?"

"நான் மொதல்ல இன்டர்நெட்ட தொறந்ததே திங்கக்கெழமதான், அப்பலருந்துங்க ஐயா."

"காலையில கூடுதலா, சாயங்காலம் கூடுதலா?"

"ரெண்டு வேளையும் ஒரே மாதிரிதான்."

"ம்." அவர் நிமிர்ந்து உட்குழுவைப் பார்த்தார். "அசதி. ஓய்வு குடுக்கணும். அரைமணி நேரம் அணைச்சு வைக்கலாம்னு நான் நெனைக்கிறேன்."

"முன்மொழியுறீங்களா ஐயா?" என்று நிவேந்திரன் பேனாவைத் திறந்தார்.

"முன்மொழியுறேன்."

"வழிமொழியுறேன்," என்றார் அங்கமுத்து. அங்கமுத்து பேரவையில் சேர்ந்ததிலிருந்து வேறு எதையும் சொன்னதாகக் குறிப்பேட்டில் இல்லை. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த நொடியில் ஏழு கையும் ஒன்றாக மேலே போனது. ஒருவர் கையில் கடித்த கரிபாப் பலகாரம் இருந்தது, கரிபாப்போடு தூக்கினார். இன்னொருவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், காலண்டரைப் பார்த்தபடியே தூக்கினார்.

"ஏகமனதாக நிறைவேறியது," என்று எழுதினார் நிவேந்திரன்.

அரைமணி ஓய்வுக்குப் பிறகு கணினியைப் போட்டார்கள். தலைமுடி, நெற்றி, விபூதி, கண்ணாடி, மூக்கு. நின்றது. மேசையைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. வழிமொழிந்தார் அங்கமுத்து, ஏழு கை, ஏகமனதாக. மீசையில் நின்றது. வடக்குப் பார்த்து வைக்க ஒரு தீர்மானம், அதற்கும் ஏழு கை. கையைத் தூக்குகிறவர்கள் எதற்காகத் தூக்குகிறோம் என்று கேட்கவேயில்லை. 'வழி' என்பதற்குள் தோள் அசைகிறது, 'மொழியுறேன்' முடிவதற்குள் கை மேலே இருக்கிறது. புனிதா தேநீர்த் தட்டோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் சில இயந்திரங்கள் இப்படித்தான், பொருள் வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குக் கை இறங்கும்.

மணி நாலாகியிருந்தது. அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, நான் ஒண்ணு சொல்றேன். ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துலதான் நிக்குது. தலைவரோட மீசைகிட்ட."

யுகேந்திரன் சமையலறை வாசலில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டான். அப்புசாமி ஐயா கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"அம்மா," என்றார் நிவேந்திரன், மிக மெதுவாக. "இத நான் எப்படிக் குறிப்புல எழுதுறது?"

"சொன்னத சொன்ன மாதிரி எழுதுங்க."

"தலைவரோட உறுப்ப வெச்சுக் குறிப்பு எழுத விதி இல்லம்மா."

நெடுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில் அந்த வார்த்தையைக் குறிப்பிலிருந்து நீக்குவதென்று ஏகமனதாக முடிவானது. ஆனால் நீக்கப்பட்டாலும் சொன்னது சொன்னதுதான். ஒரு கணினி தலைவரின் முகத்தில் வந்து நிற்கிறதென்றால் அது வெறும் பழுதாக இருக்க முடியாது, போன தேர்தலில் தலைவரை எதிர்த்து நின்ற ரங்கசாமி ஆட்களின் கைவரிசையாகவும் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விஷயம் உட்குழுவின் அதிகாரத்தைத் தாண்டிவிட்டது. தலைவரே வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வந்து நேரில் பார்ப்பார், அதுவரை யாரும் தொடக்கூடாது. நிவேந்திரன் பையிலிருந்து ஒரு காகிதப் பட்டையை எடுத்து, கணினியைப் போடும் பொத்தானின் குறுக்கே ஒட்டி, அதன்மேல் பேரவையின் முத்திரையைக் குத்தினார்.

"வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு எனக்குக் கடைசி நேரம் சார்!"

"தலைவர் மூணுக்கே வந்துடுவாரும்மா. ரெண்டு மணி நேரம் இருக்கு."

வியாழக்கிழமை ஒட்டிய காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தால் ஒரு கீறு கீறினால் போதும். விண்ணப்பத்துக்கு வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டாள். பெயர், அடையாள அட்டை எண், பதினோரு வருட அனுபவம், பார்த்த பலகைகளின் வகை. மத்தியானம் விரல் காகிதத்தின் ஓரம் வரை போய்விட்டது. அவளுக்குப் பின்னால் யுகேந்திரன் வந்து நின்றான்.

"ஒரு நாள் பொறு புனிதா."

"ஒங்க பெர்மிட்டுக்காகத்தான சொல்றீங்க?"

"ஆமா," என்றான். பொய் சொல்லத் தெரியாதவன். "அதுக்காகவுந்தான்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழவில்லை. அவன் போய் லாரியின் கீழே படுத்துக்கொண்டு, பழுதே இல்லாத எதையோ பழுது பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனது. மூன்றேகாலுக்கு மாலை மட்டும் வந்தது, தலைவர் பின்னால் வருகிறார் என்றார்கள். மூன்றரைக்குப் பொன்னாடை வந்தது. நான்கு பத்துக்குத் தலைவரின் காடி ஹார்ன் அடித்தபடி வந்து நின்றது. கூடவே செயலவை, உட்குழு, கழுத்தில் கேமராவோடு ஒரு பத்திரிகை நிருபர். வரவேற்பறையில் நிற்க இடமில்லை. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். நிவேந்திரன் வரவேற்றுப் பேசினார். அப்புசாமி ஐயா அறிக்கை வாசித்தார்: உடம்பில் காய்ச்சல் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, விசிறிச் சத்தம் சாதாரணம், பயனாளரின் அவசரம் நோயை அதிகப்படுத்தியிருக்கலாம். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்திரண்டு.

தலைவர் எழுந்தார். முழு மீசையோடு அவரைப் பார்ப்பது புனிதாவுக்கு என்னவோ போலிருந்தது.

"நான் பதவிக்காக வந்தவன் இல்ல. பதினெட்டு வருஷமா இந்தப் பதவியில இருக்கேன், பதவிக்காக இருக்கேன்னு ஒருத்தராவது என் முகத்துக்கு நேரா சொன்னதுண்டா? சொன்னவங்க யாராவது இப்ப பேரவையில இருக்காங்களா? இல்ல! அதுதான் நம்ம ஒற்றுமை." கை தட்டினார்கள். "இன்டர்நெட்டுல ஒலகமே இருக்குன்னு சொல்றாங்க. இருக்கட்டும். ஆனா நம்ம மக்கள் ஒலகத்துல தொலைஞ்சு போயிடக் கூடாது. அதனாலதான் வாசல்லயே நான் நிக்குறேன். மூணு மாசத்துல பதினோராயிரம் தடவை மக்கள் என்னத் தேடி வந்துருக்காங்க. ஒரே ஆள் ஒரே நாள்ல பத்து தடவை வந்துருக்காரு. பாத்த முகத்தையே திரும்பத் திரும்பப் பாக்க ஆசப்படுறாங்கன்னா, அது நான் சம்பாதிச்ச சொத்து. என்னத் தாண்டி வேற எங்கயும் போவணும்னு அவங்களுக்குத் தோணவே இல்ல!"

பதினோராயிரம். புனிதா மனதுக்குள் நாற்பது வீட்டால் வகுத்துப் பார்த்தாள். நாற்பது வீட்டிலும் மீசையில் நிற்கிறது, நாற்பது வீட்டிலும் அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கடிகாரம் நாலு முப்பத்தாறு.

முத்திரையைக் கிழிக்க நிவேந்திரன் கையை நீட்டினார். யாரோ தடுத்தார்கள். வெள்ளித்தட்டில் கத்தரிக்கோல் வந்தது. தலைவர் அந்தக் காகிதப் பட்டையைத் திறப்புவிழா ரிப்பனைப் போல் வெட்டினார், நிருபர் படம் எடுத்தார், சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் வெட்டுவதுபோல் நிற்கச் சொன்னார். கணினி உயிர் பெற்றது. மோடம் கீச்சிட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

தலைமுடி இறங்கியது. யாரோ பக்தியோடு "ஆ" என்றார். நெற்றி, விபூதி, கண்ணாடி, மூக்கு. மீசையின் மேல்விளிம்பு தெரிந்தது. நின்றது.

தலைவர் தன் அரை முகத்தைப் பார்த்தார். அரை முகமும் அவரைப் பார்த்தது.

"இது யாரோட வேல?" என்றார்.

"ரங்கசாமி ஆளுங்க..." என்று ஒருவர் தொடங்கினார். விசாரணைக் குழு ஒன்று அமைக்கலாமா, அதில் ஐந்து பேரா, ஏழு பேரா, அலோர் காஜா கிளைக்கு ஓர் இடம் உண்டா என்று பேச்சுப் போனது. நாலு நாற்பத்தாறு. இன்னும் பதினான்கு நிமிடம். புனிதாவின் உள்ளங்கை வேர்த்துக் கையிலிருந்த தாள் நனைந்துவிட்டது. கத்தினால் வெளியே போகச் சொல்வார்கள், கெஞ்சினால் புகார் பாரம் கொடுப்பார்கள். இவர்களுக்குப் புரிகிற பாஷை ஒன்றே ஒன்றுதான் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

"நான் ஒண்ணு முன்மொழியுறேன்," என்றாள்.

நிவேந்திரன் பேனா தானாகத் திறந்தது.

"பேரவைப் பக்கத்துலருந்து தலைவர் படத்த எடுத்துடணும்னு முன்மொழியுறேன்."

அங்கமுத்து வாயைத் திறந்தார், தலைவரைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு தீர்மானம் வழிமொழிவார் இல்லாமல் காற்றில் நின்றது. தலைவரின் கழுத்துச் சிவந்து ஏறிக்கொண்டிருந்தது. கடிகார முள் நகர்வது புனிதாவுக்குக் காதில் கேட்டது.

"நான் வழிமொழியுறேன்."

குரல் சமையலறை வாசலிலிருந்து வந்தது. யுகேந்திரன். கையில் தேநீர்த் தட்டு, தட்டில் இன்னும் யாருக்கும் கொடுக்காத கோப்பைகள். கட்டணம் கட்டிய உறுப்பினன்தான், ஆனால் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவன் இல்லை.

அந்தச் சொல் வந்தது, அவ்வளவுதான். அப்புசாமி ஐயாவின் கை மேலே போனது. அங்கமுத்து கை, செயலவையின் கை, உட்குழுவின் கை, மாலை கொண்டுவந்தவர் கை. என்ன சொன்னார்கள், எதற்கு என்பதெல்லாம் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் கைகள் உச்சியில் நின்றன. அவற்றின் நடுவில், தங்கக் கடிகாரம் கட்டிய ஒரு கை. தலைவர் அதை அண்ணாந்து பார்த்தார். தன்னுடையதுதான் என்று தெரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஏகமனதாக..." என்று நிவேந்திரனின் நாக்கு சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவர் முகம் வெளுத்தது.

புனிதா காத்திருக்கவில்லை. அணைத்துப் போட்டாள். முறையாக அணைக்காததால் கணினி தன் வயிற்றைத் தானே சோதிக்கத் தொடங்கியது, ஒரு மஞ்சள் கோடு எறும்புபோல் ஊர்ந்தது. ஐயோ சாமி, சீக்கிரம். நாலு ஐம்பது. இணையத்தின் அமைப்புப் பட்டியலைத் திறந்து, 'படங்களைக் காட்டு' என்ற இடத்தில் இருந்த குறியை எடுத்தாள். மோடம் கீச்சிட்டது.

பேரவையின் பக்கம் நொடியில் இறங்கியது. தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம். அதற்குக் கீழே, இதுவரை எந்த வீட்டிலும் எவரும் பார்த்திராத பக்கத்தின் அடிப்பகுதி. அங்கே, பக்கத்தை வடிவமைத்தவர் யாரோ உதவிக் குறிப்பு ஒன்று எழுதி வைத்திருந்தார்: 'கணினி அடிக்கடி நின்றுபோனால் முதலில் படங்களை நிறுத்திப் பார்க்கவும்.'

அறை முழுவதும் அதைப் படித்தது.

அவள் தொழிற்சாலையின் முகவரியைத் தட்டினாள். விண்ணப்பம் வந்தது. பெயர், அட்டை எண், பதினோரு வருடம். தாளைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பினாள். திரை வெறுமையாக நின்ற அந்த ஒரு நிமிடம் போல் அவள் வாழ்க்கையில் நீளமான நிமிடம் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, எண் 318.

ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். யுகேந்திரன் தட்டை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றான். அவனைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி. பத்திரிகைக்கு ஒரு படம் எடுக்கணும். என் படம் இல்லாம எப்படி? திரும்பப் போடும்மா."

போட்டாள். அவளுக்கு வேண்டியது முடிந்துவிட்டது. தலைமுடி, நெற்றி, விபூதி, கண்ணாடி, மூக்கு, மீசை. நின்றது. தலைவர் அரை முகத்துக்குப் பக்கத்தில் முழு முகத்தோடு நின்று சிரித்தார்.

"ம். இப்பதான் சரியா இருக்கு," என்றார்.

'தலைவர் அவர்களின் வருகையால் கோளாறு நீங்கியது' என்று நிவேந்திரன் குறித்துக்கொண்டார்.

மறுநாளே ஒரு வேனில் வந்து, ஒன்பதாம் விதிப்படி கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிபாரிசுக் கடிதம் இனி வராது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு தபால் வந்தது. ஒன்று, நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லித் தொழிற்சாலை எழுதியது. மற்றது பேரவையின் கூட்டக் குறிப்பு. பொய் எழுதவும் மனம் வராமல், உண்மையை எழுதவும் கை வராமல், நிவேந்திரன் அதில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். 'திருமதி புனிதா முன்மொழிய, திரு. யுகேந்திரன் வழிமொழிய, ................ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சம்பந்தப்பட்டவர்கள் கோடிட்ட இடத்தை நிரப்பி ஒப்பமிட்டு அனுப்பவும்.'

"என்ன எழுதட்டும்?" என்றான் யுகேந்திரன்.

"நடந்தத எழுதுங்க."

லாரிக் கணக்குத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழகாத கையால், எழுத்து எழுத்தாக நிரப்பினான்: 'பேரவைப் பக்கத்திலிருந்து தலைவர் படத்தை எடுத்துவிட வேண்டும்.' ஒப்பமிட்டான். அவளும் ஒப்பமிட்டாள்.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்துக்குப் புனிதாவால் போக முடியவில்லை. அன்று அவளுக்குப் புதிய இடத்தில் முதல் ஷிப்ட். சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் மோட்டாரோடு நின்ற யுகேந்திரன், இவளைக் கண்டதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சிரித்தான்.

"என்னங்க?"

"முந்தின கூட்டத்துக் குறிப்ப வாசிச்சாங்க. அந்த வரி வந்ததும் நிவேந்திரன் கொரல் அப்படியே எறங்கிப் போச்சு. ஆனா வாசிச்சுட்டாரு, பாவம், எழுதுனத வாசிக்காம விட அவருக்குத் தெரியாது. அப்பறம் வழக்கம் போல, குறிப்ப ஏத்துக்கணும்னு அப்புசாமி ஐயா முன்மொழிஞ்சாரு. அங்கமுத்து வழிமொழிஞ்சாரு."

"கை தூக்குனாங்களா?"

"நூத்தி இருவது பேரும்."

"எல்லாருமா?"

"எல்லாரும் லா. மொதல்ல தூக்குனது யாரு தெரியுமா?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் சொன்னான்.

"தலைவர்தான். பக்கத்துல இருந்தவரு கைய எறக்கச் சொல்லி இழுத்தாரு. அவரு ஒதறிட்டு இன்னும் ஒசத்தித் தூக்குனாரு."